உம் கொட்டாத ஊர்

முன்னொரு காலத்தில், கல்லுக்கும் காது இருந்த காலத்தில், ஏழுகரை என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் மூன்று அநியாயங்கள் நடந்தன. கதைக்குள் போகுமுன் அவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறக் கூடாது. வரிசையைக் கலைத்துச் சொல்லித்தான் அநியாயம் செய்தவர்கள் எப்போதும் தப்பித்துப் போகிறார்கள்.

முதல் அநியாயம். மாசி மாதம், கதைத் திருவிழாவின் மூன்றாம் நாள், அரசன் கதைமேடையில் ஏறி, "இந்த ஏரியை நான் வெட்டினேன்" என்றான். ஊர் உம் கொட்டியது. அன்று பொழுது சாய்வதற்குள் மதகுத் தூணில் செதுக்கியிருந்த ஒரு பெயர், நாய் நக்கிய சட்டி போல வழவழவென்று ஆகிவிட்டது. மதகடியில் வேலையாக நின்றிருந்த ஒரு பெண் முழங்கால் வரை கல்லானாள்.

இரண்டாம் அநியாயம். மறு ஆண்டு, அதே மாசி, அதே மூன்றாம் நாள், அரசன் மறுபடி ஏறினான். மறுபடி அதையே சொன்னான். ஊர் உம் கொட்டியது. நாற்று நடும் பெண்களின் பாட்டில் இருந்த அந்தப் பெயர் கழன்று விழுந்தது. அந்த இடத்தைத் 'தன்னானே' போட்டு நிரப்பிக்கொண்டு பாடினார்கள். கல் இடுப்பு வரை ஏறியது.

மூன்றாம் அநியாயம். அதற்கு மறு ஆண்டும் அவன் ஏறினான். ஊர் உம் கொட்டியது. அந்த வழியே வந்த வெளியூர்க்காரன் ஒருவன், "பாதி சிலையாக நிற்கும் இந்த அம்மா யார்?" என்று அவள் தங்கையிடம் கேட்டான். தங்கை வாயைத் திறந்தாள். "எங்க அக்கா" என்பது வரைக்கும் வந்தது. பெயர் வரவில்லை. கல் கழுத்து வரை ஏறியது.

மூன்று அநியாயத்திலும் ஒரு வாசகம் மூன்று முறை வந்ததே, கவனித்தீர்களா? ஊர் உம் கொட்டியது. அதை நான் மறைக்கப் போவதில்லை. அரசன் செய்தது பாதி. மீதிப் பாதியை ஊர் செய்தது.

அரசனுக்குப் பெயர் கிடையாதா என்று கேட்பீர்கள். இருந்தது. பட்டங்களோடு சேர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் இலையில் போட்ட சோறு ஆறிவிடும், அத்தனை நீளப் பெயர். இந்தக் கதையில் அதைச் சொல்ல மாட்டேன். அவன் பிறருக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்கிறேன். அவ்வளவுதான்.

இப்போது ஏரியைப் பற்றிக் கேளுங்கள். ஏழுகரையில் மழை பெய்யும், ஆனால் நிற்காது. விழுந்த மழை விழுந்த வேகத்தில் கடலுக்கு ஓடிவிடும். அதைத் தடுத்து நிறுத்த மூன்று தெரு ஜனம் பன்னிரண்டு ஆண்டு பாடுபட்டது. மண்வெட்டித் தெரு தோண்டியது. குயவர் தெரு களிமண் மிதித்துக் கரைக்குள்ளே நீர் கசியாத நெஞ்சு வைத்தது. வலைத் தெரு கயிறு திரித்துப் பாறைகளை இழுத்தது. எங்கே தோண்டுவது, எங்கே உயர்த்துவது, தண்ணீர் எந்தப் பக்கம் முட்டும் என்று மண்ணை மோந்து பார்த்துச் சொன்னவள் ஒரு பெண். இரண்டு முறை கரை உடைந்தது. மூன்றாம் முறை அவள் கழுத்தளவு தண்ணீரில் நின்று மதகுக்கல்லை உட்கார வைத்தாள். பிறகு கரை உடையவில்லை.

அந்தப் பன்னிரண்டு ஆண்டும் அரசன் வடக்குக் காட்டில் வேட்டையாடிக் கொண்டிருந்தான். மானைத்தான் வெட்டினான், மண்ணை அல்ல.

ஏரி நிறைந்த ஆண்டிலிருந்து கரைமேல் கதைத் திருவிழா நடந்தது. அறுப்பு முடிந்து மாசி பிறந்தால் மூன்று நாள். தெருவுக்கு ஒரு கதை, வீட்டுக்கு ஒரு கதை, விருந்தாளிக்கும் ஒரு கதை. ஏட்டைப் பார்த்துப் படிக்கக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். அதற்காகக் கட்டிய கல்மேடைக்கு மூன்று சட்டங்கள் இருந்தன. மேடையில் யாரும் ஏறலாம். ஏறியவரின் பேச்சை யாரும் மறிக்கக் கூடாது. சொல்பவர் நிறுத்தும் இடமெல்லாம் கேட்பவர்கள் உம் கொட்ட வேண்டும். கடைசி உம் விழாமல் சொன்னவருக்குப் படி தெரியாது, கீழே இறங்க முடியாது. அது அப்படிப்பட்ட மேடை.

இந்த உம் கொட்டுவதில் ஏழுகரைக்காரர்களுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. எதிரி ஏறினாலும் உம். நூறு முறை கேட்ட கதைக்கும் உம். பச்சைப் பொய்க்கும் உம். உம் கொட்டாமல் இருப்பதைப் போல் ஓர் அவமானம் அந்த நாட்டில் வேறில்லை. வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பினாலும் பொறுப்பார்கள், இதைப் பொறுக்க மாட்டார்கள்.

நான்காம் ஆண்டு வந்தது. மாசி பிறக்கப் பத்து நாள் இருந்தது.

தங்கை பெயர் செவந்தி. தினமும் காலையில் கஞ்சிக் கலயத்தோடு மதகடிக்கு வருவாள். கழுத்து வரை கல்லாய் நின்ற அக்காவுக்கு ஊட்டிவிடுவாள்.

"உப்புப் போதலை," என்றாள் அக்கா.

"கல்லுக்கு எதுக்கு உப்பு?"

"கழுத்துக்கு மேலே இன்னும் நான்தான்டி. நாக்கு என்னோடது."

செவந்தி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அக்கா அவளையே பார்த்தாள்.

"முழங்கால், இடுப்பு, கழுத்து. வர்ற மாசிக்கு எதுன்னு உனக்கு நான் சொல்லணுமா?"

"சொல்லாதே."

"கஞ்சி ஊத்துற வேலை உனக்கு மிச்சம்."

"அக்கா, உன் பேரு என்ன?"

அக்கா ஏரியைப் பார்த்தாள். "மதகுக்கல்லோட நீளம் தெரியுது. அகலம் தெரியுது. அதை வெச்ச அன்னிக்கு என்ன காத்து அடிச்சுதுன்னுகூடத் தெரியுது. வெச்சவ பேரு தெரியலை."

செவந்தி கலயத்தைக் கரையிலேயே வைத்துவிட்டு மூன்று தெருவுக்கும் நடந்தாள்.

மண்வெட்டித் தெருவில் சடையப்பன் இருந்தார். பன்னிரண்டு ஆண்டும் மண் சுமந்த கூட்டத்துக்குத் தலைவர். "எங்க அக்காவைக் கல்லாக்கினது யாரு அண்ணே?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும், தாயி? அரசர் கதை சொன்னார். நாங்க உம் கொட்டினோம், அவ்வளவுதான்."

குயவர் தெருவில் ஆராயி சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "எங்க அக்காவைக் கல்லாக்கினது யாரு அத்தை?"

"எந்தச் சாமி குத்தமோ. நாங்க யாருக்கும் கெடுதல் நெனைக்கலை. உம் கொட்டினோம், அவ்வளவுதான்."

வலைத் தெருவில் முத்திருளன் வலை பின்னிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பல்லிடுக்கில் இருந்த மர ஊசியை எடுத்தான். "நான் என்னத்தைச் சொல்ல, செவந்தி? ஊரோட சேர்ந்து உம் கொட்டினோம், அவ்வளவுதான்."

மூன்று தெருவும் சுற்றி நண்பகலில் அவள் கரைக்குத் திரும்பினாள். தண்ணீரில் நின்ற பட்டமரத்தில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தது.

"மூணு வாசல்லயும் ஒரே பதிலா?" என்று கேட்டது நீர்க்காகம்.

செவந்தி சுற்றிலும் பார்த்தாள். பறவைதான். "நீ பேசுவியா?"

"எப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். மேடையில ஏறினவன் பேச்சை மட்டும் கேக்கற ஜனத்துக்கு அது எப்படிக் கேக்கும்?"

"சரி, இப்போ கேக்கறேன். எங்க அக்காவைக் கல்லாக்கினது யாரு?"

"அவங்களே சொன்னாங்களே. உம் கொட்டினோம், அவ்வளவுதான்னு. அதேதான்."

பிறகு நீர்க்காகம் சிறகை மடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னது. அரசனிடம் கருநாவன் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். அவன் நாக்கு அட்டையைப் போலக் கறுத்திருந்தது. அவன் சொன்னது பலிக்கும் என்று ஊர் நம்பியது. அது பாதிதான் உண்மை. அவன் ஒரு பொய்யைச் சொல்லி அரசன் வாயில் வைப்பான். பொய் தனியாக ஒன்றும் செய்யாது, வயிற்றில் தங்காத சோறு போல வெளியே விழுந்துவிடும். ஊர் உம் கொட்டினால்தான் அதற்கு உயிர் வரும். மேடைக்கடியில் ஒரு செப்புக்குடத்தை வைத்துக்கொண்டு கருநாவன் அந்த உம்மை எல்லாம் பிடித்தான். மூன்று ஆண்டு உம்மும் அந்தக் குடத்தில் இருந்தது.

"நீ உம் கொட்டலையா?" என்றாள் செவந்தி.

"நான் பறவை. எனக்கு மீன் வந்தால் போதும், மரியாதை வேண்டாம்."

"அப்ப உனக்கு அக்கா பேரு தெரியுமா?"

"மனுசங்க பேரை நான் எதுக்கு வெச்சுக்கணும்? ஆனா மதகுக்கல்லோட அடிமுகத்துல, தண்ணிக்குள்ள, கீறல் இருக்கு. மீன் துரத்தறப்ப பார்த்திருக்கேன்."

செவந்தி எழுந்துவிட்டாள். நீர்க்காகம், "நில்லு" என்றது. "மனுசக் கண்ணு படிச்ச எழுத்தை அந்த மாயம் நக்கிடும். தூண்ல அப்படித்தான் போச்சு. குடம் உடையற வரைக்கும் நீ அதைப் படிக்கக் கூடாது. படிச்சா கடைசிப் பேரும் போயிடும்."

"குடம் எப்படி உடையும்?"

"உம் கேட்டுப் பழகின குடம். அதுக்கு உம் கிடைக்கலைன்னா வயித்துல இருக்கறதைத் தாங்காது."

"படிக்காம ஒரு எழுத்தை எப்படி எடுத்துட்டு வர்றது?"

"அது உன் பாடு," என்று சொல்லிவிட்டு நீர்க்காகம் தண்ணீரில் பாய்ந்தது.

மறுநாள் செவந்தி சடையப்பனையும் ஆராயியையும் முத்திருளனையும் மதகடிக்கு அழைத்து வந்தாள். அக்காவின் முகத்துக்கு எதிரே உட்கார வைத்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

முதலில் சடையப்பன்தான் பேசினார். "எங்க அப்பனை அடிச்சுக் கொன்னவன் மேடையில ஏறினான். அவனுக்கும் நான் உம் கொட்டினேன். அந்த மேடைக்கு எங்க மரியாதை அது. அதை விடச் சொல்றியா?"

"அந்த மரியாதையைத்தான் அண்ணே அவன் குடத்துல பிடிக்கறான்."

"அரசர் மேடையில நிக்கறப்ப நாங்க வாயை மூடிக்கிட்டு இருந்தா தலை தப்புமா?"

அக்காதான் பேசினாள்.

"அண்ணே, பன்னிரண்டு வருஷம் மண் சுமந்தீங்க. உங்க தலையில கூடை வெச்ச இடத்துல இன்னும் முடி முளைக்கலை. அரசர் சொல்ற கதையில நீங்க எங்கே இருக்கீங்க?"

சடையப்பன் தலையைத் தடவிக்கொண்டார். "இல்லை."

"ஆராயி அத்தை? முத்திருளன்?"

"இல்லை."

"என் பேரு போனதை மட்டும் பார்க்கறீங்க. எனக்குக் கல்லு தெரியுது, உங்களுக்குத் தெரியலை, அவ்வளவுதான் வித்தியாசம்."

சடையப்பன் எழுந்தார். ஏரியைப் பார்த்து நின்றார். கடைசியில், "சரி, கொட்டலை" என்றார். நான் பல பெரிய சபதங்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சின்னதாக ஒன்றைக் கேட்டதில்லை, இவ்வளவு கனமாகவும் கேட்டதில்லை.

ஆனால் ஆராயி தலையை ஆட்டினாள். "மனசு சரிங்குது. வாய் கேக்காதே. நாப்பது வருஷப் பழக்கம். பானைக்குள்ள காத்து ஊதினாலே நான் உம் கொட்டறவ. பக்கத்துல ஒருத்தர் கொட்டினா போச்சு, எனக்கு முன்னாடி என் வாய் கொட்டிடும்."

அது உண்மை. ஊர் முழுக்க அப்படித்தான். பயத்தைக்கூட ஜெயித்துவிடலாம், பழக்கத்தை என்ன செய்வது?

முத்திருளன் கையில் இருந்த வலை ஊசியை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சொன்னான். "வலை பின்றப்ப இந்த ஊசியைப் பல்லுல கடிச்சுக்குவோம். அப்போ உதடு ரெண்டும் ஒட்டாது. உம் வராது. அதனாலதான் எங்க தெருவுல கதை கேக்க உக்காந்தா முதல்ல ஊசியை எடுத்து வெச்சிடுவோம்."

மூன்று பேரும் கரையில் கிடந்த கற்களைப் பார்த்தார்கள். அவர்களே சுமந்து கொட்டிய கற்கள். ஆராயி புளியங்கொட்டை அளவில் ஒன்றை எடுத்து முன்பற்களுக்கு நடுவே கடித்துக்கொண்டாள். உம் கொட்டிப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

அந்த ஒன்பது நாளில் மூன்று தெருவிலும் வாய்க்கு வாய் செய்தி போனது. வீட்டுக்கு வீடு கல் போனது.

இன்னொரு வேலையும் மீதி இருந்தது. முத்திருளன் கயிற்றைச் செவந்தியின் இடுப்பில் கட்டி, கரையில் நின்று பிடித்துக்கொண்டான். அவள் முதல் முறை மூழ்கினாள். பாசியில் கை வழுக்கித் திரும்பினாள். இரண்டாம் முறை மூழ்கினாள். கல்லின் அடிமுகத்தில் விரல் எழுத்தைத் தொட்டது. தொட்ட விரல் தானாகப் படிக்கத் தொடங்கியது. உடனே அந்த எழுத்தின் ஓரம் வெண்ணெய் போலக் கரைந்தது. பதறிக் கையை இழுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"விரலும் படிக்குது," என்று மூச்சு வாங்கினாள். "என்ன பண்ணினாலும் படிச்சிடுது. ஒரு ஓரம் போச்சு."

ஆராயி மிதித்துப் பதமாக்கிய களிமண்ணை அடையாகத் தட்டிக் கொண்டுவந்தாள். "இந்தா. இதைக் கல்லுல அழுத்திட்டுக் கண்ணை மூடிக்கிட்டு வா. மண்ணு படிக்காது. பதிஞ்சுக்கும்."

செவந்தி மூன்றாம் முறை மூழ்கினாள். மேலே வந்தபோது களிமண்ணில் எழுத்துகள் தலைகீழாக, இடவலம் மாறி, புடைத்து நின்றன. யாரும் பார்க்குமுன் ஆராயி அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போய் நெல் உமியில் மூடிச் சுட்டாள்.

கதைத் திருவிழா பிறந்தது. முதல் நாள் பேய்க்கதைகள், சிரிப்புக் கதைகள். ஊர் உம் கொட்டியது. இரண்டாம் நாள் பயணக் கதைகள், பிரிவுக் கதைகள். ஊர் உம் கொட்டியது. மூன்றாம் நாள் காலை, குடையும் கொம்புமாக அரசன் வந்தான். மேடைக்கடியில் கருநாவன் செப்புக்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மூன்று தெருவும் கரையில் திரண்டது. ஒவ்வொரு வாயிலும் ஒரு கல்.

அரசன் மேலிருந்து பார்த்தான். ஆயிரம் பேர், ஆயிரம் வாயும் திறந்தபடி இருந்தன. 'நான் தொடங்குவதற்கு முன்பே ஊர் வாயைப் பிளந்துவிட்டது' என்று உள்ளுக்குள் மகிழ்ந்தான்.

"இந்த ஏரியை நான் வெட்டினேன்," என்று சொல்லி நிறுத்தினான்.

காற்று அடித்தது. கொடி படபடத்தது. வேறு சத்தம் இல்லை.

மதகடியில் கல் அக்காவின் முகவாய்க்கு ஏறியது. அரசன் வாயில் இருந்த பொய்க்கு, குடத்தில் சேர்ந்த மூன்று ஆண்டு உம்மின் உயிர் இன்னும் மீதி இருந்தது.

பின்வரிசையில் அரசனோடு வந்த மந்திரி தனியாக, "உம்" என்றார். அது காய்ந்த சருகு போலத் தரையில் விழுந்தது. குடம் அதை ஏற்கவில்லை. அது ஊர் உம் கேட்டு வளர்ந்த குடம்.

அரசன் குரலை உயர்த்தினான். "இந்தக் கரையை நான் கட்டினேன்."

மௌனம். கல் அக்காவின் உதட்டை மூடியது. செவந்தி தன் வாயில் இருந்த கல்லைக் கடித்த கடியில் ஈறு கிழிந்தது. காவலர்கள் ஈட்டியைச் சாய்த்தார்கள். ஆனால் யார்மேல் சாய்ப்பது? அவர்களும் மூன்று தெருப் பிள்ளைகள்தான். சிலர் வாயிலும் கல் இருந்தது.

அப்போது முன்வரிசையில் சடையப்பன் வாயிலிருந்து கல் நழுவிக் கீழே விழுந்தது. அது விழுந்த சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. கருநாவன் நிமிர்ந்தான், குடத்தின் வாயை அவர் பக்கம் திருப்பினான். அரசனும் அவரைத்தான் பார்த்தான். ஊரில் உம்முக்குப் பெயர்போனவர் அவர்.

"இந்த மதகுக்கல்லை என் கையால் வைத்தேன்," என்றான் அரசன், அவரையே பார்த்து.

சடையப்பனின் உதடுகள் கூடின. அறுபது ஆண்டுப் பழக்கம் தொண்டை வரை வந்துவிட்டது. மதகடியில் கல் அக்காவின் கண்ணுக்குக் கீழே வந்து நின்றது. கண்கள் மட்டும் சடையப்பனைப் பார்த்தன. அவர் தன் வலக்கையை மடக்கி வாய்க்குள் வைத்துப் பல்லால் கடித்தார். மண் சுமந்த கை. முழங்கை வழியே ரத்தம் வழிந்தது. உம் வரவில்லை.

குடம் முதலில் முனகியது. பிறகு நடுங்கியது. பிறகு வெடித்தது. மூன்று ஆண்டு உம்மும் கலைந்த தேனீக்கூட்டம் போல வெளியே பறந்து, புறப்பட்ட தொண்டைகளுக்கே திரும்பின. கருநாவன் நாக்கு சுண்ணாம்பு போல வெளுத்துப்போயிற்று. அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் பலிக்கவில்லை. கறுத்த மேகத்தைப் பார்த்து, மழை வரும் என்று அவன் சொன்னால் மேகம் கலைந்துவிடும். பாவம் என்று சிலர் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

அரசன் மேடையை விட்டு இறங்கப் பார்த்தான். படியைக் காணோம். நான்கு பக்கமும் வழவழத்த கல். மறந்துவிட்டான் போலிருக்கிறது, கடைசி உம் விழாமல் அந்த மேடை யாரையும் விடாது.

"ஊருக்கு ஒரு தேர் தருகிறேன்," என்றான். மௌனம்.

"இந்த மேடைக்குத் தங்கத்தில் கூரை போடுகிறேன்," என்றான். மௌனம்.

"ஒவ்வொரு தலையாகச் சீவுவேன்," என்றான். மௌனம். சீவ வேண்டிய காவலர்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தது. குடை பிடிப்பவன் கீழே இருந்தான், அரசன் மேலே இருந்தான். வியர்வையில் பட்டு முதுகோடு ஒட்டியது. கடைசியில் அவன் குரல் இறங்கியது. "என்ன சொன்னால்தான் உம் கொட்டுவீர்கள்?"

செவந்தி வாயில் இருந்த கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "நடந்ததைச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அரசன் தன் காலைப் பார்த்தான். பிறகு சொன்னான். "இந்த ஏரியை நான் வெட்டவில்லை."

ஆயிரம் பேரும் கல்லை எடுத்தார்கள். ஊர் உம் கொட்டியது. அப்படி ஓர் உம்மை அந்தக் கரை அதுவரை கேட்டதில்லை. அக்காவின் முகத்திலிருந்து கல் உதிர்ந்தது.

"ஏரி வெட்டிய பன்னிரண்டு ஆண்டும் நான் காட்டில் இருந்தேன்."

ஊர் உம் கொட்டியது. இடுப்பு வரை கல் உதிர்ந்தது.

"வெட்டியவர்கள் மூன்று தெரு ஜனம். மதகுக்கல்லை வைத்தவள் ஒரு பெண். அவள் பெயரைத் தெரிந்துகொள்ள நான் ஒருபோதும் கேட்டதில்லை."

ஊர் உம் கொட்டியது. கணுக்கால் வரை கல் உதிர்ந்தது. படி தெரிந்தது. அரசன் இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், வந்த வழியே நடந்து போனான். அவனைப் பற்றிச் சொல்ல இனி ஒன்றும் இல்லை. அன்று முதல் கதைமேடையின் அடியில் ஒரு கூடைக் கல் இருக்கிறது. உட்காருமுன் யார் வேண்டுமானாலும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மூன்று சட்டம் நான்கானது. நல்ல கதை சொன்னவர்கள் அந்தக் கூடைக்குப் பயப்பட்டதில்லை.

ஆனால் அக்காவின் பாதங்கள் இன்னும் கல்லாகவே இருந்தன. அவளால் ஓர் அடி வைக்க முடியவில்லை.

"பேரு இல்லாம நடக்க முடியாது போல," என்றாள் அவள்.

ஏழுகரை வழக்கப்படி ஒரு பெயரை நிலைநிறுத்த மூன்று தெருவிலிருந்து மூன்று சாட்சி வேண்டும். கடித்த கையில் துணி சுற்றிக்கொண்டு சடையப்பன் வந்தார். முத்திருளன் வலை ஊசியை மடியில் செருகிக்கொண்டு வந்தான். ஆராயி பதமான பச்சை மண்ணை ஒரு பலகையில் பரப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். துணியைப் பிரித்து, சுட்ட களிமண் அச்சை எடுத்து, பச்சை மண்ணில் கவிழ்த்து இரண்டு கையாலும் அழுத்தினாள். எடுத்தாள். தலைகீழாக இருந்தது நேரானது. முதல் எழுத்தின் ஓரம் மட்டும் கரைந்திருந்தது. அது செவந்தியின் விரல் பட்ட இடம்.

செவந்தி பலகையை வாங்கிக்கொண்டு அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"சாட்சி இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கோம்."

"காது குடுக்கறீங்களா?"

"குடுக்கறோம்."

"கேட்டதை மறைப்பீங்களா?"

"மறைக்க மாட்டோம்."

செவந்தி குனிந்து படித்தாள்.

"மருதாயி."